ஒப்பரேஷன் கடதாசிகளை ஒழுங்காக வைத்திருங்கள்

மண்சரிவு எச்சரிக்கை வந்தால் கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு லயத்தை விட்டு இறங்க வேண்டியிருக்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் அதற்கும் நேரம் கிடைக்கவில்லை. வீடு திரும்பும்போது அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் முதலில் தேடுவோம். ஆஸ்பத்திரிக் கடதாசிகள் இல்லை என்பது, மறுபடி சுகவீனம் வரும்போதுதான் தெரியவரும்.

ஏன் முக்கியம்?

சிறுநீரகக் கல்லுக்கு ஒப்பரேஷன் செய்தவர்களுக்குச் சில வேளைகளில் உள்ளே ஒரு மெல்லிய குழாய் வைத்து அனுப்புவார்கள். அதைக் குறித்த காலத்தில் எடுக்க வேண்டும். மறந்துபோனால் குழாயைச் சுற்றிக் கல் படிந்து சிறுநீரகமே பழுதாகலாம். எடுக்க வேண்டிய நாள் துண்டில் இருக்கும். துண்டு தொலைந்தால் நாளும் மறந்துவிடும்.

வயிற்றை வெட்டிப் பிள்ளை பெற்ற தாய் மறுபடி கர்ப்பமானால், முதல் ஒப்பரேஷன் ஏன், எப்படிச் செய்யப்பட்டது என்பதைப் பார்த்தே அடுத்த பிரசவத்தை எங்கே, எவ்வாறு செய்வது என்று டொக்டர் தீர்மானிப்பார். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பும் அப்படித்தான். அது உயிரைக் காக்கும்.

எவற்றைச் சேர்க்க வேண்டும்?

வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் அறிக்கைகள், எக்ஸ்ரே படங்கள். ஒப்பரேஷனில் சதைத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அதன் அறிக்கை பிறகுதான் வரும். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் அதை எடுக்காமல் விட்டிருந்தால் கிளினிக்கில் கட்டாயம் கேளுங்கள்.

நனைந்த கடதாசிகளை ஒன்றிலிருந்து ஒன்று மெதுவாகப் பிரித்து, பழைய பத்திரிகைத் தாள்களுக்கு இடையில் வைத்து நிழலில் காயவிடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

எப்படி அடுக்குவது?

1. ஆளுக்கு ஒரு பைல். கணவன், மனைவி, பிள்ளைகள், தாத்தா, பாட்டி எல்லோருடையதையும் ஒரே பையில் கலக்க வேண்டாம்.

2. டயக்னோசிஸ் கார்ட் மேலே. அதன் கீழே மற்றவற்றைத் திகதிப்படி, புதியது முதலில் வருமாறு வையுங்கள்.

3. முதல் பக்கமாக ஒரு வெள்ளைத் தாள். பெயர், அடையாள அட்டை இலக்கம், என்ன ஒப்பரேஷன், எந்த ஆஸ்பத்திரி, எந்த வாட்டு, திகதி, பி.எச்.டி. இலக்கம், ஒத்துக்கொள்ளாத மருந்து, அடுத்த கிளினிக் நாள் ஆகியவற்றை எழுதுங்கள். பி.எச்.டி. இலக்கம் கார்டிலேயே இருக்கும். கார்டில் உள்ளதை உள்ளபடியே பாருங்கள். ஊகித்து எழுத வேண்டாம்.

4. பெயரைச் சரிபாருங்கள். கார்டில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் இருந்தால் இரண்டையும் வெள்ளைத் தாளில் எழுதி வையுங்கள். பழைய லயத்து முகவரி மாறியிருந்தால் கிளினிக்கில் புதியதைச் சொல்லுங்கள்.

கார்டில் உள்ள சில சொற்கள்

எல்.எஸ்.சி.எஸ். என்றால் வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுத்தது. எல்.ஆர்.டி. என்றால் இனிப் பிள்ளை வேண்டாம் என்று செய்யும் குடும்பக் கட்டுப்பாட்டு ஒப்பரேஷன். டி.ஜே. ஸ்டென்ட் என்றால் மேலே சொன்ன சிறுநீரகக் குழாய். விளங்காத சொல் எதுவானாலும் டொக்டரிடமோ குடும்ப நல மாதுவிடமோ கேளுங்கள். உங்கள் உடம்பில் என்ன செய்யப்பட்டது என்று அறிவது உங்கள் உரிமை.

கார்ட் தொலைந்துவிட்டதா?

வாட்டில் உங்களைப் பற்றி எழுதிய கட்டில் சீட்டு, நீங்கள் வீடு வந்த பிறகும் ஆஸ்பத்திரியின் ரெக்கோர்ட் ரூமில் இருக்கும். பதுளை, தியத்தலாவை, வெலிமடை என எங்கே ஒப்பரேஷன் நடந்ததோ அங்கேயே போங்கள். அடையாள அட்டையுடன், மாதம், வருடம், வாட்டு ஆகியவற்றைச் சொல்லி விவரம் கேளுங்கள். பிள்ளை பிறந்த நாள், தீபாவளி, தோட்டத்துத் திருவிழா போன்றவற்றை வைத்து மாதத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். பழைய சீட்டுகளை என்றென்றும் வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே தாமதிக்க வேண்டாம்.

எங்கே வைப்பது?

பைல்களைத் தண்ணீர் புகாத பொலித்தீன் உறையில் இட்டு, கதவுக்கு அருகே உயரமான இடத்தில் வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் அந்த இடம் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தாளையும் போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கும் அனுப்புங்கள். அவசரத்துக்கு 1990 இலவச அம்புலன்ஸை அழைத்தால், நோயாளியோடு அவருடைய பைலையும் ஏற்றி அனுப்புங்கள்.