தகடும் கான்கிரீட்டும் வழுக்காமல் இருக்க

குடோனுக்கோ அச்சகத்துக்கோ மாடி எழுப்பும்போது, சென்ட்ரிங் பலகைக்குப் பதிலாக மடிப்பு மடிப்பான இரும்புத் தகட்டை விரித்து அதன்மேல் கான்கிரீட் கொட்டும் முறை பரவி வருகிறது. டெக் ஷீட் என்பார்கள். பலகையைப் போல இதைப் பிரிப்பதில்லை; கான்கிரீட் இறுகியதும் தகடே அடிக்கம்பியின் வேலையைச் செய்கிறது. வாங்குபவர்கள் முதலில் தடிமனைத்தான் விசாரிப்பார்கள். கான்கிரீட்டுக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள பிடிப்பு அதைவிட முக்கியம்.

பாரம் கூடும்போது பெரும்பாலும் தகடு அறுவதற்கு முன்பே இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கத் தொடங்கிவிடும். தகட்டில் குத்தியிருக்கும் புடைப்புகள் அதைத் தடுக்கத்தான். அந்தப் பிடிப்பைத் தாளில் மட்டும் கணக்கிட முடியாது. முழு அளவுத் தளம் வார்த்து, உடையும்வரை பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஐரோப்பியக் கட்டுமான விதியான யூரோகோடு 4 அதற்கு முன்பு 5000 முறை பாரத்தை ஏற்றி இறக்கச் சொல்கிறது. அச்சு இயந்திரங்கள் அதிரும் சிவகாசிக்கு இது மிகவும் பொருந்தும்.

சோதனையின் முடிவைக் கணக்காக்க இரண்டு வழிகள் உண்டு. 1970களில் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் போர்ட்டரும் எக்பெர்க்கும் வளர்த்தது எம்–கே முறை. குட்டைத் தளங்களையும் நீளத் தளங்களையும் உடைத்து, முடிவுகளின் ஊடே ஒரு கோடு இழுத்தால் எம், கே என்ற இரண்டு எண்கள் கிடைக்கும். எளிய முறைதான், ஆனால் அந்த எண்கள் அந்த ஒரு தகட்டுக்கு மட்டுமே செல்லும். சென்னை தரமணியிலுள்ள எஸ்.இ.ஆர்.சி. என்ற கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள் புடைப்புத் தகடுகளுக்கு இவற்றைச் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். தாங்கிக்கு அருகில் பாரம் விழுந்த தளங்கள் வழுக்கித் தோற்றன. தள்ளி விழுந்தவை வளைந்து தோற்றன.

இரண்டாவது, பகுதிப் பிணைப்பு முறை. சதுர மில்லிமீட்டருக்கு எவ்வளவு பிடிப்பு என்று அது நேராகவே அளக்கிறது. தகட்டின் பள்ளத்தில் கம்பி வைத்தால் பலம் எவ்வளவு கூடும் என்றும் கணக்கிடலாம் என்பதால் எனக்கு இதுவே மேலானது. ஆனால் முனையில் 0.1 மி.மீ. வழுக்கிய பிறகும் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதல் பாரம் தாங்கும் தகட்டுக்கே யூரோகோடு இதை அனுமதிக்கிறது.

இரண்டு கணக்கிலுமே நெருப்பு இல்லை. அடியில் திறந்து கிடக்கும் தகடு 600 டிகிரி செல்சியஸில் பாதிக்கும் மேல் பலம் இழக்கும். பட்டாசுத் தொழில் நடக்கும் தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரத்தில் இதை மறக்கவே கூடாது. பட்டாசு அறைகளுக்கான வெடிபொருள் விதிகள் தனி. நான் சொல்வது மற்றக் கட்டடங்களுக்கு. தகட்டை வாங்கும் முன் அதே வடிவத்துக்கான சோதனை அறிக்கையைக் கேளுங்கள். தீக்காகப் பள்ளங்களில் தனியாகக் கம்பி வைக்கச் சொல்லி, அதற்கான கணக்கையும் பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.