மூன்று விநாடி சத்தம்

லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய டீசல் டாக்ஸிகளில் டைமிங் செயினை மாற்றுவது செலவு பிடிக்கும் வேலை. மாற்றாமல் விடுவது அதைவிடச் செலவு.

புனேயிலிருந்து அகமத்நகர் செல்லும் நெடுஞ்சாலையோரம் தகரக் கூரை போட்ட ஒரு ஒர்க்‌ஷாப். காலை ஏழரை மணி. முந்தைய இரவே கொண்டுவந்து நிறுத்திய வெள்ளை டாக்ஸியின் பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு மெக்கானிக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். டிரைவர் சாவியைத் திருப்புகிறார். தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியது போல ஒரு கரகரப்பு. மூன்றே விநாடி. பிறகு இன்ஜின் எதுவும் நடக்காதது போல ஓடுகிறது. அணைத்துவிடும்படி மெக்கானிக் கையைக் காட்டுகிறார். இரண்டாவது முறை கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஓடோமீட்டரில் 3,14,620 கி.மீ.

டிரைவருக்கு மனசில்லை. சத்தம் நான்கு மாதமாக இருக்கிறது, வண்டி நன்றாகத்தான் இழுக்கிறது, மைலேஜும் குறையவில்லை என்கிறார். வண்டியோடு வந்த புத்தகத்தில் ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஃபேன் பெல்ட் என்று எல்லாவற்றுக்கும் கெடு இருக்கிறது, டைமிங் செயினுக்கு மட்டும் இல்லையே என்பது அவரது கடைசி அஸ்திரம். “பாவு, நீங்களே சொல்லுங்கள்” என்று மெக்கானிக்கை (பாவு என்றால் மராத்தியில் சகோதரர்) மடக்கப் பார்க்கிறார். வண்டி இரண்டு நாள் நின்றால் இரண்டு நாள் வருமானம் போச்சு. மாதத் தவணை எந்த வண்டிக்காகவும் நிற்பதில்லை.

நாடு முழுக்க ஆயிரக்கணக்கான டாக்ஸிக்காரர்களுக்கு இருக்கும் சங்கடம் இது. காரணம், அவர்கள் பலருடைய பானெட்டுக்குள் இருப்பது ஒரே இன்ஜின். ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட். துல்லியமாகச் சொன்னால் 1,248 சி.சி., நான்கு சிலிண்டர், 16 வால்வு. ஐரோப்பாவில் 2003இல் அறிமுகமான இந்த இன்ஜின் 2007இல் ஸ்விஃப்ட் காரில் ஏறி இந்தியச் சந்தையைப் பிடித்தது. மாருதி இதற்கு டி.டி.ஐ.எஸ். என்று பெயர் வைத்தது, டாடா குவாட்ராஜெட் என்றது, செவர்லே ஸ்மார்டெக் என்றது. டிசையர், எர்டிகா, விஸ்டா, மான்ஸா, ஜெஸ்ட், புன்டோ, லீனியா எல்லாவற்றிலும் இதுவேதான். ‘தேசிய டீசல் இன்ஜின்’ என்று வாகனப் பத்திரிகைகள் வேடிக்கையாக எழுதின. இதைத் தயாரித்த தொழிற்சாலைகளில் ஒன்று இதே நெடுஞ்சாலையில் இருக்கும் ரஞ்சன்காவில் உள்ளது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்தபோது இந்த இன்ஜினை இந்தியாவில் கைவிட்டார்கள். ஆகவே சாலையில் உள்ள மிக இளைய மல்டிஜெட்டுக்கே ஐந்து வயது தாண்டிவிட்டது. டாக்ஸியாக ஓடியவை பல லட்சம் கிலோமீட்டர் பார்த்தவை.

செயின் செய்யும் வேலை எளிமையானது, ஆனால் மன்னிப்பு இல்லாதது. கீழே பிஸ்டன்களால் சுழலும் கிராங்க்‌ஷாஃப்ட். மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட். கீழே இரண்டு சுற்று சுற்றினால் மேலே சரியாக ஒரு சுற்று. இந்தக் கணக்கு பிசகாமல் இரண்டையும் பிணைத்திருப்பது செயின். டீசல் இன்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும் வால்வுக்கும் இடையே உள்ள இடம் மிகக் குறைவு. செயின் ஒன்றிரண்டு பல் தாவினாலோ அறுந்தாலோ திறந்திருக்கும் வால்வின் மீது பிஸ்டன் மோதும். இந்த இன்ஜினில் பெரும்பாலும் முதலில் முறிவது ராக்கர் ஆர்ம்கள். அதிர்ஷ்டம் இருந்தால் சேதம் அதோடு நிற்கும். இல்லாவிட்டால் வால்வு வளையும், பிஸ்டன் அடிபடும், சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். அப்போது வரும் பில் செயின் மாற்றும் செலவைப் போலப் பல மடங்கு. கண்டாலா மலைப்பாதையில் பயணிகளோடு போகும்போது இன்ஜின் திடீரென்று நின்றால் பிரேக் பெடல் கல்லாகும். அதற்கு எந்த பில்லும் கிடையாது.

செயின் நீண்டுவிட்டது என்று மெக்கானிக்குகள் சொல்வதைக் கேட்டு, இரும்பு ரப்பர் போல இழுபடுவதாக நினைக்கக் கூடாது. சைக்கிள் ஓட்டிய எவருக்கும் இது தெரியும். ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள பின்னும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் தேய்கின்றன. ஒரு கண்ணிக்கு 0.02 மி.மீ. தேய்மானம் என்று வைத்துக்கொண்டால் நூறு கண்ணிக்கு 2 மி.மீ. தொய்வு. சைக்கிளில் பின்சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளித் தொய்வை எடுப்போம். இன்ஜினுக்குள் அந்த வேலையை டென்ஷனர் செய்கிறது. உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் ஆயில் அழுத்தமும் சேர்ந்து ஒரு சிறு பிஸ்டனை வெளியே தள்ள, அது பிளாஸ்டிக் கைடை அழுத்தி செயினை இறுக்கமாக வைத்திருக்கும். ஆனால் அந்தப் பிஸ்டன் நீளவும் ஓர் எல்லை உண்டு. இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கியிருக்கும். ஸ்டார்ட் செய்ததும் அழுத்தம் மேலே ஏறுவதற்குள் தளர்ந்த செயின் கைடிலும் மூடியிலும் மோதுகிறது. அந்த மூன்று விநாடி சத்தம் அதுதான். ஆயில் ஏறியவுடன் அடங்கிவிடுவதால்தான் நான்கு மாதம் தள்ளிப்போட முடிகிறது.

அப்படியானால் ஆயுள் முழுக்க உழைக்கும் என்று சொன்னது பொய்யா? பொய் இல்லை. ஆனால் யாருடைய ஆயுள் என்று கேட்க வேண்டும். சொந்தக் கார்க்காரர் வருடத்துக்கு 12,000 கி.மீ. ஓட்டி, வேளாவேளைக்கு ஆயில் மாற்றினால் செயினைப் பார்க்காமலேயே காரை விற்றுவிடுவார். ஒரு நாளைக்கு 250 கி.மீ. ஓடும் டாக்ஸி நாற்பது நாளில் 10,000 கி.மீ.யைத் தொட்டுவிடும். நாற்பது நாளுக்கு ஒரு முறை சுமார் 3 லிட்டர் நல்ல ஆயிலும் ஃபில்டரும் வாங்குவது என்றால் டிரைவரின் கை தயங்குகிறது. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று 15,000 ஆகிறது, 20,000 ஆகிறது.

டீசல் எரியும்போது உண்டாகும் நுண்ணிய கரி கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் கலக்கிறது. ஆயில் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடுவது இதனால்தான், அதில் தவறில்லை. ஆனால் அளவு மீறிச் சேர்ந்த கரி உப்புத்தாள் போல வேலை செய்யும். அதற்கு முதல் இரை பின்னும் புஷ்ஷும். செயினைக் கொல்வது தூரம் அல்ல, பழைய ஆயில்.

தூரமும்கூட முழு உண்மையைச் சொல்வதில்லை. விமான நிலைய வாசலில் ஏ.சி. போட்டுக்கொண்டு பயணிக்காகக் காத்திருக்கும் டாக்ஸியின் ஓடோமீட்டர் அசைவதில்லை, செயின் ஓடிக்கொண்டிருக்கிறது. சராசரியாக மணிக்கு 40 கி.மீ. என்று கொண்டால் 3 லட்சம் கி.மீ. என்பது 7,500 மணி நேரம். நிமிடத்துக்கு 2,000 சுற்று வீதம் கிராங்க்‌ஷாஃப்ட் 90 கோடி முறை சுழன்றிருக்கும். நின்றபடி ஓடிய நேரம் இந்தக் கணக்கில் வராது.

அந்தக் காலத்து அம்பாசிடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் டைமிங் செயின்தான். ஆனால் அவற்றில் கேம்ஷாஃப்ட் கிராங்க்குக்குப் பக்கத்திலேயே இருந்தது. குட்டை செயின், குறைந்த வேகம், சத்தம் வந்தால் தெருமுனை மெக்கானிக் போதும். 1983இல் வந்த மாருதி 800இல் கேம்ஷாஃப்ட் மேலே போனது, செயினுக்குப் பதில் ரப்பர் பெல்ட் வந்தது. பெல்ட்டுக்குக் கெடு உண்டு, எல்லோரும் பயந்து மாற்றினார்கள். மீண்டும் செயின் வந்தபோது, இனி அந்தத் தொல்லை இல்லை என்று நிம்மதியாக மறந்துபோனார்கள். கெடு போட்டு எழுதாத பொருளை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

ஒர்க்‌ஷாப்பில் ஒருவழியாகப் பேரம் படிந்து வேலை தொடங்குகிறது. முன்சக்கரத்தைக் கழற்றி, இன்ஜினுக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்து, ஒரு பக்க மவுண்டிங்கை எடுக்கிறார்கள். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே கை நுழையும் அளவுதான் இடம். அடியில் ஆயில் சம்பைக் கழற்றியதும் மெக்கானிக் டிரைவரை அழைத்துக் காட்டுகிறார். தார் போலக் கெட்டியான கசடு. அதில் பழுப்பு நிறத்தில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் சில்லுகள், தேய்ந்த கைடிலிருந்து உதிர்ந்தவை. ஆயிலை உறிஞ்சும் வலையில் பாதி அடைபட்டிருக்கிறது. செயின் தேய ஆயில் காரணம், ஆயில் ஏறாமல் போகச் செயினின் குப்பை காரணம். இரண்டும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டிருந்தன. டிரைவர் அதன் பிறகு புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை.

மூடியைத் திறந்தால் டென்ஷனரின் பிஸ்டன் ஏறக்குறைய முழுவதும் வெளியே நீண்டிருக்கிறது. இதைவிட வேறு சாட்சி வேண்டாம். இனிதான் நிதானம் தேவை. ஃபிளைவீலையும் கேம்ஷாஃப்ட்டுகளையும் அதற்கென்று உள்ள பின்களைப் போட்டுப் பூட்டிய பிறகே செயினைத் தொட வேண்டும். பெயின்ட்டால் குறி வைத்துக்கொண்டு, கண் மதிப்பில் மாட்டும் ஆசாமிகளும் இருக்கிறார்கள். பாதிப் பல் பிசகினாலும் வண்டி ஓடும், ஆனால் புகைக்கும், இழுக்காது, கம்ப்யூட்டரில் பி-0016 என்ற கோளாறு எண் வந்து நிற்கும். மாட்டி முடித்ததும் சாவியைப் போடாமல் கையால் கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, பூட்டுப் பின்கள் மறுபடி தடையில்லாமல் இறங்குகின்றனவா என்று பார்ப்பார் நல்ல மெக்கானிக். இந்த ஒர்க்‌ஷாப்பில் அதை மூன்று தடவை செய்தார்கள்.

பணத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் சறுக்குவது உதிரிபாகத்தில்தான். செயினை மட்டும் மாற்றினால் போதாதா என்பது வழக்கமான கேள்வி. போதாது. பழைய செயினோடு தேய்ந்து கொக்கி போல வளைந்த ஸ்பிராக்கெட் பற்கள் புதுச் செயினையும் சீக்கிரமே அரித்துவிடும். குழி விழுந்த கைடும் களைத்துப்போன டென்ஷனரும் அதைத் தாங்காது. செயின், டென்ஷனர், கைடுகள், ஸ்பிராக்கெட்டுகள், முன்பக்க ஆயில் சீல் எல்லாம் சேர்ந்த செட்டாகத்தான் வாங்க வேண்டும். கூலி என்னவோ எப்படியும் ஒன்றுதான். சம்புக்கு சிலிக்கான் பேஸ்ட்டை அப்பளத்துக்கு மாவு பிசைந்ததுபோல அப்பினால் பிதுங்கிய துணுக்கு உள்ளே விழுந்து அதே வலையைப் போய் அடைக்கும் என்பது அனுபவஸ்தர்கள் சொல்லும் உபரிச் செய்தி.

புனேயின் நானா பேட்டிலும் தில்லியின் காஷ்மீரி கேட்டிலும் ஒரே எண் போட்ட டைமிங் செயின் செட் பல விலைகளில் கிடைக்கிறது. பெட்டி, ஹோலோகிராம் எல்லாம் அசல் போலவே இருக்கும். இரும்பைப் பதப்படுத்திய தரம் வெளியே தெரியாது. பிரேக் ஷூ போலியானால் சில நாளில் தெரிந்துவிடும். போலிச் செயின் தன்னைக் காட்டிக்கொள்ளப் பல மாதம் எடுத்துக்கொள்ளும். பில் போட்டுத் தரும் கடையில் வாங்குவதைத் தவிர சாதாரண டிரைவருக்கு வேறு பாதுகாப்பு இல்லை.

இதில் இன்னொரு கும்பல் மருந்தும் உண்டு. கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் போய்விடும் என்பது. கொஞ்ச நாள் போகும்தான். ஆனால் கெட்டி ஆயில் குளிர்ந்த இன்ஜினில் டென்ஷனருக்குப் போய்ச் சேர இன்னும் நேரமாகும். விற்கப்போகிறவர்களுக்குத்தான் இது உதவும். அதனால் பழைய டீசல் கார் வாங்குபவர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பத்து வருடத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளுக்கு எதிராக 2015இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் 2018இல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்ட பிறகு தில்லிப் பகுதியிலிருந்து ஏராளமான கார்கள் தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு மற்ற மாநிலங்களுக்குப் போயின. ஓடோமீட்டரைத் திருப்பி வைப்பது சிரமமில்லாத கலை. செயினைத் திருப்பி வைக்க முடியாது. வண்டியைப் பார்க்கக் காலையில் போங்கள், சாவியைக் கேட்பதற்கு முன் பானெட் மீது கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ அந்த மூன்று விநாடியைச் செலவழித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

மறுநாள் மாலை நான்கு மணி. டீசல் போகாமல் தடுத்துவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சில தடவை சுழற்றி ஆயில் அழுத்தம் ஏறவைக்கிறார்கள். பிறகு டிரைவர் சாவியைத் திருப்புகிறார். கரகரப்பு இல்லை. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ராத்திரி முழுக்க இங்கேயே நிற்கட்டும், காலையில் வந்து கேட்டுவிட்டு எடுத்துப்போகிறேன் என்கிறார். மெக்கானிக்குக்கு அதில் கோபமில்லை. ஓர் அட்டைத் துண்டில் 3,15,620 என்று எழுதி ஸ்டீயரிங்குக்குக் கீழே கட்டிவிடுகிறார். உள்ளே மிச்சமிருக்கும் கசடைக் கழுவ, ஆயிரம் கி.மீ.யில் மீண்டும் ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும். அதற்கான காசை இப்போதே பில்லில் சேர்த்து வாங்கிவிட்டார்.