இடம்பெயர்ந்தும் நின்றுவிடாத பாடசாலை

வீட்டையும் காணியையும் விட்டு வரும் குடும்பம் முதலில் தேடுவது கூரை, அடுத்து, சோறு. பிள்ளையின் படிப்பு "பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போகிறது. அந்தப் "பிறகு" ஓராண்டாக நீண்டுவிட்டால் பிள்ளை மீண்டும் வகுப்புக்குத் திரும்புவது கடினம். எனவே, தானே இடம்பெயர நேர்ந்த ஒரு பாடசாலையின் வரலாற்றை நாம் அறிந்துகொள்வது நல்லது.

பெரிய கல்லூரியில் சேருமுன் சிறுவர்களைத் தயார்செய்யும் தனியார் பாடசாலையை ஆயத்தப் பாடசாலை என்பர். இது இங்கிலாந்திலிருந்து வந்த முறை. இலங்கையில் 1938இல் டபிள்யூ. டி. கீபிள் அவர்கள் கொழும்பு கொள்ளுப்பிட்டியில் சென் தோமஸ் ஆயத்தப் பாடசாலையைத் தொடங்கினார். 1851இல் அங்கிலிக்கன் ஆயர் சப்மன் நிறுவிய சென் தோமஸ் கல்லூரியின் மரபில் வந்தது அது.

நான்கே ஆண்டுகளில் யுத்தம் குறுக்கிட்டது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு வீசின. அவ்வாண்டில் ஆயத்தப் பாடசாலை பண்டாரவளைக்கு மாறியது. நம் தலவாக்கலையைக் கடந்து செல்லும் பதுளை ரயில் பாதையில் உள்ள ஊர் அது. கல்கிசையில் இருந்த பெரிய கல்லூரியின் கட்டடங்களையும் இராணுவம் எடுத்துக்கொண்டது. மாணவர்களில் ஒரு பகுதியினர் வெலிமடைக்கு அருகே குருத்தலாவையில், லெஸ்லி டி சேரம் அவர்கள் வழங்கிய பண்ணை நிலத்தில் படிப்பைத் தொடர்ந்தனர்.

யுத்தம் முடிந்தபின் கொள்ளுப்பிட்டியில் பாடசாலை மீண்டும் திறக்கப்பட்டது. ஆயினும் பண்டாரவளையிலும் குருத்தலாவையிலும் தொடங்கியவை மூடப்படவில்லை. அகதியாக வந்த பாடசாலை, வந்த இடத்திலும் வேரூன்றியது. கட்டடம் கைவிட்டுப் போனபோதும் ஆசிரியரும் மாணவரும் ஒன்றாயிருந்ததே இதற்குக் காரணம்.

அவர்களுக்குப் பணமும் நிலமும் கொடுக்க ஆளிருந்தது என்று நீங்கள் கூறலாம். அது உண்மையே. அதே மலைநாட்டில் நம் முன்னோரின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது லயத்தருகே ஓர் அறை, ஓர் ஆசிரியர். தோட்டங்களில் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று 1907ஆம், 1920ஆம் ஆண்டுச் சட்டங்கள் பணித்தன. ஆனால் அந்தப் பாடசாலை தோட்ட நிருவாகத்தின் கையில் இருந்தது. 1945இல் வந்த இலவசக் கல்வியும் தோட்டப் பிள்ளைகளை உடனே எட்டவில்லை. 1977 முதல்தான் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது.

இன்று திம்புள்ளயிலாயினும் வேறெங்காயினும் பாடசாலை தோட்டத்துரையின் தயவு அல்ல, பிள்ளையின் உரிமை. 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயமானது. ஆகவே, மண்சரிவினாலோ நீர்த்தேக்கத்தினாலோ வேறு காரணத்தினாலோ இடம்பெயர்ந்த பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில:

தங்கும் இடம் தற்காலிகமானதாயினும் அண்மையிலுள்ள அரசாங்கப் பாடசாலை அதிபரை உடனே சந்தியுங்கள். முடிந்தால் பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி கேட்டு விண்ணப்பியுங்கள். தடை ஏற்பட்டால் வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். பாடசாலை திறக்கும் வரை, முகாமிலுள்ள படித்த இளைஞர் ஒருவர் ஆலய மண்டபத்திலோ மர நிழலிலோ நாள்தோறும் இரண்டு மணி நேரம் பாடம் நடத்தட்டும்.

காணி கிடைக்கக் காலம் செல்லலாம். பிள்ளையின் வயது அதுவரை காத்திருப்பதில்லை.