ஷாப்ட் எந்தப் பக்கம் பார்க்கிறது?

சுழலும் உலகம் – 9

தாது வருஷப் பஞ்சம் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட காலத்தில், 1876இல் நாசரேத்துக்கு வந்து சேர்ந்தவர் கனோன் ஆர்தர் மர்காஷிஸ். பெற்றோரை இழந்து நின்ற பிள்ளைகளுக்குச் சோறு போட்டால் மட்டும் போதாது, கையில் ஒரு தொழிலும் வேண்டும் என்று 1878இல் அங்கே ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். 1908இல் இறக்கும்வரை அந்த ஊரை விட்டு அவர் போகவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதைப் போலவே பட்டறை வேலை பழக்குவதும் படிப்புதான் என்று நம்பிய ஊர் அது. கியர் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. உதாரணங்களைத் தேடியும் தூரம் போக வேண்டாம். ஊருக்குள் செக்கு, ஊர் ஓரத்தில் ரயில், கடற்கரையில் விசைப்படகு, வடக்கே கயத்தாறு பக்கம் காற்றாலை.

சென்ற வாரம் பெல்ட்டையும் புல்லியையும் பார்த்தோம். சுமை அளவு மீறினால் பெல்ட் வழுக்கிக்கொடுக்கும். பல் வழுக்காது, ஒன்று சுற்றும், இல்லாவிட்டால் உடையும். அந்தக் கறாருக்காகத்தான் கியரைத் தேடிப் போகிறோம்.

“எந்த கியர் நல்லது?” என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. அதற்குப் பதில் கிடையாது. ஒவ்வொரு கியரும் ஒரு வசதியைத் தந்துவிட்டு அதற்கு ஒரு விலை வாங்கிக்கொள்ளும். ஒன்று சத்தமாக வாங்கும், ஒன்று சூடாக வாங்கும், இன்னொன்று பேரிங்கின் தலையில் சுமத்தும். இந்த இயந்திரத்தில் எந்த விலையைத் தாங்க முடியும் என்று முடிவு செய்வதற்குப் பெயர்தான் கியர் தேர்வு.

முதலில் பார்க்க வேண்டியது, இரண்டு ஷாப்ட்டுகளும் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதை. இணையாகப் போனால் நேர்ப்பல் கொண்ட ஸ்பர் கியர், அல்லது சாய்ந்த பல் கொண்ட ஹெலிக்கல். ஒரு புள்ளியில் சந்தித்தால், கூம்பை வெட்டி எடுத்த வடிவில் இருக்கும் பெவல். சந்திக்காமல் ஒன்றுக்கு மேல் ஒன்று குறுக்காகப் போனால், திருகாணியும் சக்கரமும் சேர்ந்த வார்ம் கியர், அல்லது லாரி பின் அச்சில் வரும் ஹைப்பாய்டு. இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பட்டியல் அடிபட்டுப் போய்விடும். மீதியை முடிவு செய்வது வேகம், சுமை, சத்தம், காசு.

மரச்செக்கை எடுத்துக்கொள்வோம். மோட்டார் நிமிஷத்துக்கு 1,440 சுற்று. உலக்கை அந்த வேகத்தில் சுற்றினால் எண்ணெய் சூடேறி மணம் கெட்டுவிடும். நிமிஷத்துக்குப் பன்னிரண்டு சுற்று போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 120 மடங்கு குறைக்க வேண்டும். ஒரே ஜோடி ஸ்பர் கியரில் இதைச் செய்துவிடலாமா? சின்னச் சக்கரத்துக்கு 17 பல். வழக்கமான 20 டிகிரி பல்லில் அதற்குக் கீழே போனால் பல்லின் அடியே அரிபட்டு மெலிந்துவிடும். அப்படியானால் பெரிய சக்கரத்துக்கு 2,040 பல். 4 மாட்யூல் பல்லாக, அதாவது ஒரு பல்லுக்கு 4 மில்லிமீட்டர் விட்டம் என்ற கணக்கில், வெட்டினால் அதன் விட்டம் எட்டு மீட்டரைத் தாண்டும். செக்கைவிட, அதை வைத்திருக்கும் கடையைவிடச் சக்கரம் பெரிதாகிவிடும்.

ஆகவே படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பெல்ட்டில் 4, ஒரு ஸ்பர் ஜோடியில் 5, கடைசியில் 6, பெருக்கினால் 120. ஆனால் மோட்டார் படுத்திருக்கிறது, செக்கின் ஷாப்ட் நிமிர்ந்து நிற்கிறது. எங்கேயோ ஓரிடத்தில் 90 டிகிரி திரும்பியாக வேண்டும். அங்கேதான் பல பட்டறைகளில் பழைய லாரியின் ‘கிரவுன் – பினியன்’ வந்து உட்காருகிறது. பின் அச்சு ஹவுசிங்கை நிமிர்த்தி வைத்து, உள்ளே இருக்கும் டிஃபரன்ஷியலைப் பூட்டிவிட்டால், ஏறக்குறைய ஆறு மடங்கு குறைப்பும் திருப்பமும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். பத்து டன்னை இழுத்த பல்லுக்கு எள்ளும் கொப்பரையும் ஒரு சுமையே அல்ல. பழைய இரும்புக் கடையிலேயே கிடைக்கும். உதிரி பாகத்துக்கும் அலைய வேண்டாம். கியர் தேர்வில் இதுவும் ஒரு நியாயமான காரணம்தான். புத்தகங்கள்தான் இதைச் சொல்வதில்லை.

மற்றொரு வழி வார்ம் கியர் பாக்ஸ். திருகாணி ஒரு முறை சுற்றினால் சக்கரத்தில் ஒரு பல் நகரும். சக்கரத்துக்கு முப்பது பல் என்றால் ஒரே படியில் முப்பது மடங்கு குறைந்துவிடும். பெல்ட்டின் நாலு மடங்கையும் சேர்த்தால் அதே 120. இடம் கொஞ்சம், சத்தம் கிடையாது, திருப்பமும் அதிலேயே வந்துவிடும். இவ்வளவு நல்லது என்றால் ஏன் எல்லோரும் இதையே வாங்குவதில்லை?

சூடு! ஸ்பர் கியரின் பற்கள் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு விலகும். ஒரு ஜோடியில் நூற்றுக்கு இரண்டு பங்கு சக்திதான் வீணாகும். வார்மில் திருகாணி பல்லின் மேல் உராய்ந்துகொண்டே போகிறது. இத்தனை மடங்கு குறைக்கும்போது நூற்றுக்கு முப்பது பங்கு வரை சூடாகப் போவது சாதாரணம். 3 ஹெச்பி மோட்டார் என்றால் 2.2 கிலோவாட்; அதில் 600 வாட்டுக்கு மேல் கியர் பாக்ஸைச் சூடாக்கவே போய்விடுகிறது. வார்ம் பாக்ஸின் உடம்பெல்லாம் வரிவரியாகத் தகடு நீட்டிக்கொண்டிருப்பது இந்தச் சூட்டை வெளியேற்றத்தான். உராய்வைத் தாங்கத் திருகாணியை எஃகிலும் சக்கரத்தை வெண்கலத்திலும் செய்கிறார்கள். லாரி ஹவுசிங்குக்கு ஊற்றும் தொண்ணூறாம் நம்பர் ஆயிலைக் கண்ணை மூடிக்கொண்டு இதற்கும் ஊற்றக் கூடாது. அதில் கலந்திருக்கும் கந்தகச் சேர்மானம், சிலவகை ஆயிலில், வெண்கலத்தை அரித்துவிடும்.

அதே உராய்வுக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. திருகாணியின் சாய்வு குறைவாக இருந்தால், சக்கரத்தைப் பிடித்து எவ்வளவு தள்ளினாலும் திருகாணி சுற்றாது. சுமை தொங்கும் இடங்களில் இது பெரிய வசதி. பழைய லிஃப்ட்டுகள் பலவற்றில் வார்ம் கியர் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதிர்வில் இந்தப் பிடி மெல்ல நழுவலாம் என்பதால் பிரேக்கும் கூடவே வைத்தார்கள். செக்கில் தொங்கும் சுமை எதுவும் இல்லை. அங்கே வார்மை வாங்குபவர் அமைதிக்கும் இட வசதிக்கும்தான் காசு கொடுக்கிறார். மாதாமாதம் கரண்ட் பில்லிலும் கொடுக்கிறார்.

இனி ரயில். சென்னைக்குப் போகும் செந்தூர் எக்ஸ்பிரஸ் நாசரேத்தில் நின்று போகும். மின்மயமாகிவிட்ட பாதைகளில் இன்று நம் கண்ணில் அதிகம் படும் இரண்டு என்ஜின்கள், பயணிகள் ரயிலுக்கான டபிள்யூஏபி-7, சரக்கு ரயிலுக்கான டபிள்யூஏஜி-9. இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. சரக்கு என்ஜினைத் தயாரித்துவிட்டு, அதன் பல் விகிதத்தை மாற்றித்தான் பயணிகள் என்ஜினை உருவாக்கினார்கள். சரக்கு என்ஜினில் 77க்கு 15, அதாவது 5.13 மடங்கு. பயணிகள் என்ஜினில் 72க்கு 20, அதாவது 3.6 மடங்கு. விளைவைப் பாருங்கள்: சரக்கு என்ஜினின் இழுவிசை 460 கிலோ நியூட்டன், வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். பயணிகள் என்ஜினின் இழுவிசை 320 சொச்சம், வேகம் 140. இழுவையில் எந்த விகிதத்தில் இழந்தார்களோ, கிட்டத்தட்ட அதே விகிதத்தில் வேகத்தைப் பெற்றிருக்கிறார்கள். கியர் சக்தியை உண்டாக்குவதில்லை. இருக்கும் சக்தியை வேகமாகவோ விசையாகவோ மாற்றித் தருகிறது, அவ்வளவுதான்.

பல் எண்ணிக்கையில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. இந்தப் பாதைகளில் வெகுகாலம் ஓடிய டபிள்யூடிஎம்-2 டீசல் என்ஜினின் விகிதம் 65க்கு 18. இரண்டுக்கும் பொது வகுத்தி கிடையாது. அதனால் சின்னச் சக்கரத்தின் ஒரு பல், பெரிய சக்கரத்தின் 65 பற்களையும் தொட்டுவிட்டுத்தான் பழைய ஜோடியிடம் திரும்பும். ஒரு பல்லில் சிறு பழுது இருந்தாலும் தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பங்கிடப்படும். 64க்கு 16 என்று வைத்திருந்தால் அதே நான்கு பற்கள் மட்டும் அடி வாங்கிக்கொண்டே இருக்கும்.

ஸ்பருக்கும் ஹெலிக்கலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காதாலேயே கேட்கலாம். பல கார்களில் முன்னே போகும்போது கியர் பாக்ஸ் சத்தமே போடாது. ரிவர்ஸ் போட்டதும் ‘ஊ’ என்று ஊளையிடும். முன் கியர்கள் ஹெலிக்கல், ரிவர்ஸ் நேர்ப்பல். நேர்ப்பல் முழு நீளத்துக்கும் ஒரே நொடியில் மோதுகிறது. சாய்ந்த பல் ஒரு முனையில் தொட்டு மறுமுனை வரை வழிந்து போகிறது. அதற்குள் அடுத்த பல்லும் சுமையில் தோள் கொடுத்துவிடும். விலை என்ன? சாய்வு, ஷாப்ட்டைப் பக்கவாட்டில் தள்ளும். அதைத் தாங்கத் தனி பேரிங் வேண்டும்.

தூத்துக்குடி விசைப்படகுகளின் கியர் பாக்ஸில் இந்த பேரிங்குக்கு வேலை இரட்டிப்பு. என்ஜின் 1,800 சுற்றில் ஓடுகிறது. வலையை இழுக்கும்போது புரொப்பெல்லர் பெரிதாகவும் மெதுவாகவும் சுற்றினால்தான் தண்ணீரை நன்றாகப் பிடித்துத் தள்ளும். மூன்று மடங்கு குறைத்தால் 600 சுற்று. படகையே முன்னே தள்ளும் விசை, புரொப்பெல்லர் ஷாப்ட் வழியாக இதே பாக்ஸின் பேரிங்குக்குத்தான் வந்து சேரும். படகின் கியர் பாக்ஸில் குதிரைத்திறனை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு இதைப் பார்க்காமல் விட்டால் பேரிங் சீக்கிரமே ஆட்டம் கண்டுவிடும்.

காற்றாலையில் கதை தலைகீழ். இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகளுள் ஒன்று 1986இல் தூத்துக்குடிப் பக்கம்தான் அமைந்தது. இன்றைய பெரிய இறக்கை நிமிஷத்துக்குப் பதினைந்து, இருபது தடவை சுற்றினாலே அதிகம். ஜெனரேட்டருக்கோ 1,500 வரை வேண்டும். வேகத்தைக் கூட்டுவதற்கான கியர் இது. இங்கே வார்மை நினைத்தே பார்க்கக் கூடாது. சாய்வு குறைந்த திருகாணியைச் சக்கரம் சுற்றவைக்காது என்று இப்போதுதான் பார்த்தோம். மெதுவாகச் சுற்றும் இறக்கை ஷாப்ட்டில் முறுக்குவிசை மிக அதிகம். அதை ஒரே ஜோடிப் பல்லால் தாங்க முடியாது என்பதால் முதல் படியில் பிளானட்டரி கியர் வைக்கிறார்கள். நடுச் சக்கரத்தைச் சுற்றி மூன்று சக்கரங்கள் சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளும். வேகம் ஏறிய பிறகு ஹெலிக்கல். எனர்கான் போன்ற நிறுவனங்கள் கியரே வேண்டாம் என்று முடிவு செய்து, மெதுவாகவே சுற்றும் மிகப் பெரிய ஜெனரேட்டரை நேராக இறக்கையோடு இணைத்தன. கியர் பழுதாகும் தொல்லை தீர்ந்தது. கோபுரத்தின் உச்சியில் எடை கூடியது.

உங்கள் இயந்திரத்துக்கு கியர் வாங்கப் போகும்போது ஒரு தாளில் ஐந்து விஷயங்களை எழுதிக்கொண்டு போங்கள்: ஷாப்ட்டுகளின் திசை, உள்ளே வரும் சுற்றும் வெளியே வேண்டிய சுற்றும், ஒரு நாளைக்கு ஓடும் மணிநேரம், சுமை திடீரென்று அடிக்குமா சீராக வருமா, சுமை கியரைத் திருப்பிச் சுற்ற முயலுமா. கடைக்காரர் இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்காமல் ஹெச்பியை மட்டும் கேட்டு பாக்ஸை எடுத்துக் கொடுத்தால், அடுத்த கடைக்குப் போங்கள்.

அடுத்த வாரம்: பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலம்.

(தொடரும்)