உங்களுக்குத் தெரியுமா? – திரையில் இறங்கிய பறவைகள்

பெங்களூரின் மர்பி டவுனிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் அல்சூர் ஏரி. அங்கே தினமும் கண்ணில் படும் நீர்க்காகமும் கொக்கும் காகமும் ஜப்பானின் பழைய மடிப்புத் திரைகளில் தங்கத் தகட்டின்மேல் வாழ்கின்றன. அறையில் காற்றையும் பார்வையையும் மறைக்க வைத்த அந்தத் திரைகளை ஜப்பானியர் பியோபு என்கிறார்கள். அவற்றில் அமர்ந்த பறவைகளைப் பற்றிச் சில செய்திகள் இதோ.

● காகத்துக்கும் தங்கம்
மயிலையும் நாரையையும் மட்டும்தான் தங்கத்தில் தீட்டினார்கள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் சியாட்டில் கலை அருங்காட்சியகத்தில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ஒரு ஜோடித் திரைகள் இருக்கின்றன. தங்கப் பின்னணியில் கன்னங்கரிய காகங்கள் பறக்கின்றன, சண்டை போடுகின்றன, கூட்டமாக உட்காருகின்றன. தீட்டியவர் பெயர் தெரியவில்லை.

● மீன் பிடித்துத் தரும் நீர்க்காகம்
ஜப்பானின் நகாரா ஆற்றில், பழக்கிய நீர்க்காகங்களைக் கயிற்றில் கட்டி, இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் மீன் பிடிக்கும் வழக்கம் 1,300 ஆண்டுகளாகத் தொடர்கிறது. கழுத்தில் கட்டிய கயிறு, பெரிய மீனைப் பறவை விழுங்கிவிடாமல் தடுக்கும். ஓவியர் கானோ தன்யூ (1602–1674) நீர்க்காக மீன்பிடிப்பை ஒரு திரையில் தீட்டினார். அது டோக்கியோவின் ஒகுரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

● உண்மையான இறகு
கி.பி. 756இல் பேரரசி கோம்யோ, நாரா நகரின் தோதாய்ஜி கோயிலுக்குக் கொடுத்த பொருள்களில் ஆறு மடிப்புத் திரை ஒன்றும் உண்டு. மரத்தடியில் நிற்கும் பெண்களின் ஆடையில் காட்டுக்கோழி இனப் பறவையின் நிஜ இறகுகளை ஒட்டியிருந்தார்கள். இறகுகள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. ஆனால் மிஞ்சிய துணுக்குகளை ஆராய்ந்து, அது ஜப்பானில் மட்டுமே வாழும் பறவை என்று கண்டார்கள். திரை ஜப்பானில்தான் செய்யப்பட்டது என்பதற்கு அந்த இறகே சாட்சி.

● மடிப்பைத் தாண்டும் சிறகு
முதலில் ஒவ்வொரு மடிப்புக்கும் தனிச் சட்டம் இருந்தது, கயிற்றால் இணைத்தார்கள். 14ஆம் நூற்றாண்டு வாக்கில் காகிதக் கீல் வந்தது. சட்டங்கள் மறைந்தன. அதன் பிறகுதான் ஒரு பறவைக் கூட்டம் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடையில்லாமல் பறக்க முடிந்தது.

● வலமிருந்து இடம்
இந்தத் திரைகளை வலப்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். பருவங்களைத் தீட்டிய திரைகளில் வசந்தம் வலக்கோடியில் தொடங்கும். பனிக்காலம் இடக்கோடியில் முடியும். ஓவியர் செஷ்ஷூ (1420–1506) தீட்டியதாகப் போற்றப்படும் பூ–பறவைத் திரைகளில் பைன் மரத்தடியில் நாரை நிற்கிறது. நாரை நீண்ட ஆயுளின் அடையாளம்.

● கோழி வளர்த்த ஓவியர்
இத்தோ ஜாகுச்சு (1716–1800) கியோட்டோவின் நிஷிகி சந்தையில் காய்கறி மொத்த வியாபாரியின் மகன். வீட்டு முற்றத்தில் கோழிகளை வளர்த்து, அவற்றின் ஒவ்வொரு அசைவையும் உற்றுக் கவனித்த பிறகே தூரிகையை எடுத்தார். சேவலை அவரைப் போல் தீட்டியவர் அரிது.

● கடல் கடந்த மயில்
ஜப்பானில் மயில் இயல்பாக வாழ்வதில்லை. கொரியாவின் சில்லா நாடு 598இல் ஒரு மயிலை அனுப்பியதாக ஜப்பானின் பழைய வரலாற்று நூல் குறிக்கிறது. ஓவியர் மருயாமா ஓக்யோ தாம் மறைந்த 1795ஆம் ஆண்டில், தாய்ஜோஜி கோயிலின் நகரும் கதவுகளில் மயில்களைத் தீட்டி முடித்தார். தங்கத்தின்மேல் கறுப்பு மை மட்டும்தான். பார்ப்பவர் கண்ணுக்கோ தோகை பச்சையும் நீலமுமாகத் தெரிகிறது!

● நம் கரையின் பெயர்
சீனாவில் 17ஆம் நூற்றாண்டில் அரக்குப் பூசி, செதுக்கி, வண்ணம் நிரப்பிய பெரிய மடிப்புத் திரைகள் செய்தார்கள். பெரும்பாலும் 12 மடிப்புகள். பூக்களும் பறவைகளும் நிறைந்தவை. ஐரோப்பியக் கம்பெனிக் கப்பல்கள் அவற்றை நம் சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள் வழியாகக் கொண்டுபோயின. அதனால் உலகம் இன்றும் அவற்றைக் ‘கோரமண்டல் திரை’ என்றே அழைக்கிறது. பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேல் இவற்றை ஆசை ஆசையாகச் சேர்த்தார்.

● பறவை ஓவியம் நமக்கும் உண்டு
புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசல் சமணக் குடைவரையின் மேற்கூரையில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. அதில் அன்னங்கள், மீன்கள், எருமைகள், யானைகள், பூப்பறிக்கும் மனிதர்கள். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், இந்தக் குடைவரை புதுப்பிக்கப்பட்டதை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது.

கோழியைப் பார்த்துப் பார்த்தே ஜாகுச்சு பெரிய ஓவியர் ஆனார். பார்ப்பதற்கு நமக்கு ஓர் ஏரியே இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து அல்சூர் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போங்கள். ஒரே ஒரு கொக்கைக் கவனித்து வரையச் சொல்லுங்கள். ஏரியில் குப்பை போடக் கூடாது என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.