எழுத்துக்கு முன்னே நிறம்

மதுரை தெற்கு ஆவணி மூல வீதியின் நகைக்கடைகளில் விற்ற நகையை ரோஸ் நிறத்து மெல்லிய காகிதத்தில் மடித்துக் கொடுப்பது நெடுங்கால வழக்கம். அந்தக் காகிதத்தின் மேல் கிடக்கும் தங்கம், வெள்ளைத் தாளின் மேல் கிடக்கும் அதே தங்கத்தைவிட எடுப்பாகத் தெரியும் என்பதைக் கடைக்காரர்களும் வாங்குவோரும் ஒருங்கே அறிவர். கண் எந்த நிறத்தையும் தனித்துப் பார்ப்பதில்லை, அருகில் உள்ள நிறத்தோடு ஒப்பிட்டே பார்க்கிறது என்பதுதான் இதன் காரணம். பாரிஸ் நகரின் கோப்லான் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவின் தலைவராக இருந்த வேதியியலாளர் செவ்ரால், கறுப்பு நூல் போதிய அழுத்தமாக இல்லை என்று வந்த புகாரை ஆராய்ந்து, சாயத்தில் குறை ஏதும் இல்லை, பக்கத்தில் நெய்யப்பட்ட நிறங்களே கறுப்பை மங்கலாகக் காட்டுகின்றன என்று கண்டறிந்தார்; அவர் அதை விரிவாக எழுதிய நூல் 1839-இல் வெளிவந்தது. நூல் எழுதாமலே அதே உண்மையைக் கைப்பழக்கமாக வைத்திருந்தவர்கள் மதுரைப் பொற்கொல்லர்களும் நகை வணிகர்களும்.

வணிகத்தில் நிறம் செய்யும் வேலைகளில் இது ஒன்று. பொருளை அழகாகக் காட்டுவது. இதைவிட ஆழமான இன்னொரு வேலையும் உண்டு. ஒரு பொருளை அதைப் போன்ற மற்றப் பொருள்களிலிருந்து பிரித்துக் காட்டும் பெயர், சின்னம், உறை, தோற்றம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து இன்று பிராண்ட் என்கிறார்கள். அந்தத் தொகுப்பில் எழுத்தைப் படிக்கும் முன்பே, படம் தெளியும் முன்பே, தூரத்திலிருந்தே கண்ணுக்கு எட்டுவது நிறம். ஆகவே எழுத்தறியாதவரும் அவசரத்தில் இருப்பவரும் பொருளை அடையாளம் காண்பது நிறத்தால்தான், அவர்கள் வாயில் அந்த நிறமே பொருளின் பெயராகவும் ஆகிவிடுகிறது. சிவப்பு பசியைத் தூண்டும், நீலம் நம்பிக்கையைத் தரும் என்பன போன்ற பட்டியல்களை விளம்பரத் துறையில் அடிக்கடி காணலாம். எல்லா ஊருக்கும் எல்லாப் பொருளுக்கும் பொருந்துவதாக அவற்றை எடுத்துக்கொள்வது தவறு. ஒரு நிறத்தின் பொருள் அதைப் பார்ப்பவர்கள் வாழும் மண்ணில் ஊறியிருக்கிறது. மதுரையில் அது எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதற்குச் சித்திரைத் திருவிழாவே போதுமான சான்று.

அழகர்கோவிலிலிருந்து புறப்பட்டு வரும் கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளில் அவர் எந்த நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதைக் காண லட்சக்கணக்கான மக்கள் கரையில் காத்திருக்கின்றனர். பெட்டிக்குள் கைவிட்டு எடுக்கப்படும் பட்டு பச்சையாக இருந்தால் அந்த ஆண்டு மழையும் விளைச்சலும் செழிக்கும் என்றும், சிவப்பாக இருந்தால் கவலைக்கு இடமுண்டு என்றும் அவர்கள் கொள்கின்றனர். ஒரு சொல்லும் இல்லாமல், ஒரே நொடியில், ஒரு செய்தி ஆற்றின் இரு கரையையும் எட்டிவிடுகிறது. கோயில் மதில்களில் காவியும் வெள்ளையுமாக மாறி மாறி அடிக்கப்படும் பட்டைகளும் அத்தகையவையே. உள்ளே எந்தத் தெய்வம் இருக்கிறது என்று தெரியாத வெளியூர்க்காரருக்கும் அது கோயில் சொத்து என்பதை அந்தப் பட்டை சொல்லிவிடும். அரசியலும் இதை நன்கு உணர்ந்தே பயன்படுத்தியது. மங்கலமற்றதாகக் கருதப்பட்ட கறுப்பையே இழிவுக்கு எதிரான அடையாளமாக எடுத்துக்கொண்ட திராவிடர் கழகம், தன் கருஞ்சட்டை மாநாட்டை 1946 மே மாதம் மதுரையில் நடத்தியது. அந்த மாநாட்டுப் பந்தல் எரிக்கப்பட்ட செய்தி, ஒரு நிறத்துக்குப் புதுப்பொருள் கொடுப்பது எவ்வளவு கடும் எதிர்ப்பைச் சந்திக்கும் என்பதையும் காட்டுகிறது.

மதுரையின் பெயரோடு நிறம் பிரிக்க முடியாதபடி சேர்ந்த பொருள் சுங்குடி. நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறி திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்களில் வாழ்ந்த சௌராஷ்டிர மக்கள், துணியைச் சிறு சிறு புள்ளிகளாகக் கிள்ளி நூலால் இறுக்கி முடிச்சிட்டுச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் ஏறாததால், அவிழ்க்கும்போது அடர்ந்த நிறத்தின் நடுவே வெண்புள்ளிகள் மலர்ந்து நிற்கும். ஒரே சேலையில் ஆயிரக்கணக்கான முடிச்சுகள் விழும் இந்தக் கைவேலைக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, குறிப்பிட்ட வட்டாரத்தில் குறிப்பிட்ட முறையில் செய்யப்பட்டதற்கு மட்டுமே ‘மதுரை சுங்குடி’ என்னும் பெயர் உரியது என்று சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆனால் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்தப் பெயரைக் காத்து நின்றது சாயத்தின் உறுதிதான். செடிகளின் வேரிலிருந்து சிவப்பு எடுத்த காலத்தில் அந்த நிறம் பிடிப்பதற்கு எண்ணெய், படிகாரம், மீண்டும் மீண்டும் அலசல், வெயில் எனப் பல நாள் உழைப்பு தேவைப்பட்டது. அந்த வேர்களில் இருந்த சாயப்பொருளான அலிசரினை 1868-இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் கிரேபேயும் லீபெர்மானும் ஆய்வகத்தில் உருவாக்கியபின் வேர்ச்சாயம் மெல்ல மறைந்தது. வழி மாறினாலும் வாங்குபவர் கேட்ட கேள்வி மாறவில்லை: சாயம் போகுமா, போகாதா? பொய்முகம் வெளிப்படுவதை இன்றும் ‘சாயம் வெளுத்துப்போச்சு’ என்று தமிழர் சொல்வதில், நிறத்தை வாக்குறுதியாகப் பார்த்த ஒரு நெசவு நாட்டின் அனுபவம் அப்படியே நிற்கிறது. இப்போது சுங்குடி என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பகுதி மெழுகால் அச்சிட்டுச் சாயமேற்றியவை. விலை குறைந்த அவை பலர் கைக்கு எட்டுவது நல்லதுதான், ஆயினும் முடிச்சிட்ட சேலையின் புள்ளியில் விரல் வைத்தால் தட்டுப்படும் அந்தச் சிறு மேடு அவற்றில் இல்லை.

மதுரைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிவகாசி, நிறத்தைத் துணியிலிருந்து காகிதத்துக்குக் கொண்டுசென்றது. அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவர் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதிலிருந்து தொடங்கும் அந்த ஊரின் தொழில் வரலாற்றில் அச்சகம் பின்னால் வந்த துணைத் தொழில். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்ததால் பிறந்தது. எல்லாத் தீக்குச்சியும் ஒன்றுபோல எரியும்போது, பெட்டிக்கடையில் ஒருவர் ஒன்றை விட்டு இன்னொன்றைக் கேட்பதற்குக் காரணமாக இருந்தது அந்தச் சிறு தாளும் அதில் இருந்த படமும் நிறமும் மட்டுமே. தொடக்கத்தில் அவற்றை அச்சிட்டது கல்லச்சு என்னும் லித்தோ முறை: எண்ணெயும் நீரும் ஒட்டாது என்னும் எளிய விதியைக் கொண்டு, வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நனைத்தபின் மை பூசினால் வரைந்த இடத்தில் மட்டுமே மை பிடிக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக்கல், தனி ஓட்டம் என்பதால், நிறம் கூடக் கூடச் செலவும் கூடியது. ஆகவே மஞ்சள், சிவப்பு, கறுப்பு என இரண்டு மூன்று அடர்நிறங்களுக்குள் ஒரு புலியையோ மயிலையோ சாவியையோ அடக்க வேண்டியிருந்தது. தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும் அந்தத் துணிவான தோற்றம் சிக்கனத்தின் குழந்தை. தீப்பெட்டிப் படம் சேர்த்த பல தலைமுறைச் சிறுவர்களுக்கு அதுவே முதல் ஓவியக்கூடம்.

பின்னர் ஆஃப்செட் இயந்திரங்கள் வந்து, சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் நுண்புள்ளிகளைக் கலந்து ஏறக்குறைய எந்த நிறத்தையும் காட்ட முடிந்தபோது, சிவகாசியின் காலண்டர்கள் வீடுதோறும் நுழைந்தன. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் மேலே, ஜவுளிக்கடையின் அல்லது மளிகைக்கடையின் பெயர் கீழே என்று அமைந்த அந்தத் தாள், விளம்பரம் என்னும் கலையின் மிக நுட்பமான வடிவங்களில் ஒன்று. மற்ற விளம்பரங்களைக் கிழித்தெறியும் குடும்பம் இதை ஓராண்டு சுவரில் மாட்டி, ஆண்டு முடிந்தபின்னும் தெய்வத்தின் படம் என்பதால் எறிய மனமின்றிச் சட்டம் போட்டு வைத்துக்கொண்டது. மீனாட்சியின் மேனிப் பச்சையும் முருகனின் பின்னே விரியும் மயில் நீலமும் அந்தக் கடையின் நிறங்களாகவே மனத்தில் பதிந்தன.

ஆனாலும் மதுரைக் கடைவீதியின் நிறம் எது என்று கேட்டால் மஞ்சள் என்றே சொல்ல வேண்டும். விளக்குத்தூண் பகுதியிலும் மாசி வீதிகளிலும் கல்யாண ஜவுளி எடுத்தவர்கள் கையில் தொங்கிய மஞ்சப்பை, துணியால் ஆன விளம்பரப் பலகையாகவே இருந்தது: மஞ்சள் துணியில் கடையின் பெயரும் தெருவும் சிவப்பிலோ நீலத்திலோ அச்சிட்டிருக்கும். மஞ்சளைத் தேர்ந்ததற்கு இரு காரணங்கள் ஒன்றாய் வந்து கூடின. கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுக்கும் சமூகத்தில், புது ஜவுளி மங்கலமான நிறத்தில்தான் வீட்டுக்குள் வர வேண்டும் என்பது ஒன்று. மஞ்சளின் மேல் அடர்ந்த எழுத்து மிகத் தெளிவாகத் தெரியும் என்பது மற்றொன்று. வாடிப்பட்டிக்கும் திருமங்கலத்துக்கும் மேலூருக்கும் பேருந்தில் போய்ச் சேர்ந்த அந்தப் பை, அங்கே தாம்பூலப் பையாகவும் பள்ளிப் பையாகவும் நிலப் பத்திரம் வைக்கும் பையாகவும் பல ஆண்டு உழைத்து, கடையின் பெயரை ஊர் முழுவதும் சுமந்தது. பாலித்தீன் பைகள் வந்தபின் நிலைமை தலைகீழானது; மஞ்சப்பையைத் தூக்கி வருபவர் பட்டிக்காட்டார் என்று ஏளனம் செய்யும் அளவுக்கு, திரைப்படங்களின் துணையோடு, அந்த நிறம் இறக்கப்பட்டது. துணியும் மாறவில்லை, மஞ்சளும் மாறவில்லை. பார்த்தவர்களின் பார்வை மாறியது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்து, 2021 டிசம்பர் 23 அன்று அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியபோது, மஞ்சள் இன்னொரு பொருளை ஏற்றது. பத்து ரூபாய் நாணயத்தைப் போட்டால் பையைத் தரும் இயந்திரங்கள் வந்தன. ஏளனத்துக்கு உரியதாக இருந்த நிறம் சுற்றுச்சூழல் அக்கறையின் நிறமாயிற்று. புதிதாக ஒரு பச்சைச் சின்னத்தை வரையாமல், மக்கள் நினைவில் இருந்த மஞ்சளையே அந்த இயக்கம் எடுத்துக்கொண்டது மிகச் சரியான முடிவு.

இவ்வாறு நிறம் பெயராகிவிடுவதால்தான், அதைத் திருடுவதும் பெயரைத் திருடுவதற்கு ஒப்பாகிறது. பிஸ்கட் உறை தொடர்பாகப் பார்லே நிறுவனம் மைசூர் நிறுவனம் ஒன்றின் மீது தொடுத்த வழக்கில், 1972-இல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான அளவுகோலை வகுத்தது: இரண்டு உறைகளையும் அருகருகே வைத்து வேறுபாடுகளை எண்ணக் கூடாது, அளவிலும் நிறத்திலும் மொத்தத் தோற்றத்திலும் ஒன்றைப் பார்த்தவர் மற்றதை அதுவென எண்ணிவிடுவாரா என்றே பார்க்க வேண்டும். 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம் நிறங்களின் சேர்க்கையையும் வணிகச் சின்னமாக ஏற்றது. பல்பொடி டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு சிவப்பு, இரண்டு பங்கு வெள்ளை என்னும் அமைப்பைப் பற்றிக் கோல்கேட், ஆங்கர் நிறுவனங்களுக்கிடையே நடந்த வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றம் 2003-இல் கோல்கேட்டுக்குச் சாதகமாக இடைக்காலத் தடை வழங்கியது. எழுத்தறியாத வாங்குநர் நிறத்தையும் அமைப்பையும் நம்பியே பொருளைக் கேட்கிறார் என்பது அதன் அடிப்படை. சேர்க்கையாக இல்லாத ஒற்றை நிறத்தை ஒருவர் உரிமை கொண்டாடலாமா என்பதில் இந்திய நீதிமன்றங்கள் எப்போதும் ஒரே கருத்தில் இருந்ததில்லை. ஒரு நிறத்தை யாரும் முழுவதுமாக வேலி போட்டுக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

நிறம் பெயராக நிற்பதை நாள்தோறும் காணக்கூடிய இடம் பால் பூத். மதுரையில் அதிகாலையில் ஆவின் பால் வாங்குவோரில் பெரும்பாலோர் ‘நிலைப்படுத்தப்பட்ட பால்’ என்று கேட்பதில்லை. ‘பச்சை பாக்கெட் ரெண்டு’ என்றே கேட்கின்றனர். நீலம் 3 சதவீதக் கொழுப்புள்ள சமன்படுத்தப்பட்ட பால், பச்சை 4.5 சதவீதம், ஆரஞ்சு 6 சதவீதக் கொழுப்புள்ள நிறைகொழுப்புப் பால். டீக்கடைக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று, தயிர் உறைய வைக்க ஒன்று என்று வீடுகளும் கடைகளும் இந்த நிறங்களைக் கொண்டே கணக்கை வகுத்திருக்கின்றன. 2023 இறுதியில் பச்சை உறையை விலக்கி, 3.5 சதவீதக் கொழுப்புள்ள பாலை ஊதா உறையில் கொண்டுவரும் முயற்சி நடந்தபோது எழுந்த எதிர்ப்பு முதன்மையாகக் கொழுப்புக்கும் விலைக்கும் இடையிலான கணக்கைப் பற்றியதுதான். ஆனால் அந்தக் கணக்கை மக்கள் உடனே புரிந்துகொண்டதற்குக் காரணம், கையில் வந்த நிறம் மாறியிருந்ததே. நிறுவனம் தேர்ந்த நிறத்துக்குப் பெயர் சூட்டியவர்கள் வாங்குபவர்கள். அந்தப் பெயரில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

நிறத்தை மட்டுமே நம்பும் அடையாளத்துக்கு ஒரு குறையும் உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பார்வைக் குறைபாடு பிறவியிலேயே சிலருக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, இருக்கிறது. உணவுப் பொட்டலத்தில் சைவத்துக்குப் பச்சை வட்டமும் அசைவத்துக்குப் பழுப்பு வட்டமும் இருந்த காலத்தில் அவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. இந்திய உணவுப் பாதுகாப்பு தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள் அசைவக் குறியைப் பழுப்பு முக்கோணமாக மாற்றியபின், நிறம் தெரியாதவருக்கும் வடிவம் துணை நிற்கிறது. பால் உறைகளில் பெயரும் கொழுப்பின் அளவும் அச்சிட்டிருந்தாலும், விடியாத இருட்டில் பூத் வாசலில் நிற்கும் அத்தகைய ஒருவர் இன்றும் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் பாக்கெட்டையே நம்பி வாங்கிச் செல்கிறார்.