மண் விடும் மூச்சுக்கு ஒரு கணக்கு

இரவில் புளியமரத்தடியில் படுக்கக் கூடாது என்பார்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர்கள். ஏன் என்று கேட்டால் பேய் அமுக்கும் என்பது பதில். பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர் பேயை விரட்டிவிட்டு, அந்த இடத்தில் கரியமில வாயுவை உட்கார வைப்பார். இரவில் ஒளிச்சேர்க்கை கிடையாது, மரம் சுவாசிக்க மட்டுமே செய்கிறது, அது விடும் வாயு நம் மூச்சை அடைக்கிறது என்று விளக்கம் வரும்.

இதில் பாதிதான் சரி. இரவில் மரம் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. ஆனால் அது மூச்சை அடைக்கும் என்பது கணக்கில் நிற்காது. திறந்தவெளிக் காற்றில் இந்த வாயு இப்போது பத்து லட்சத்துக்கு 420 பங்குக்குச் சற்று மேல். அடர்ந்த காட்டுக்குள், காற்றசையாத இரவில், தரையை ஒட்டி அது 500ஐத் தாண்டுவதுண்டு. தொழிற்கூடங்களில் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கப்படும் அளவோ 5,000.

அந்த இரவுநேர உயர்வுக்கும் இலைகள் முக்கியக் காரணமில்லை. பல காடுகளில் வெளிவரும் மூச்சில் பாதிக்கு மேல் காலடி மண்ணிலிருந்து வருகிறது.

மண்ணுக்குள் வேர்கள் சுவாசிக்கின்றன. பூஞ்சையும் பாக்டீரியாவும் உதிர்ந்த சருகைத் தின்று கரியமில வாயுவாக்குகின்றன. பான்ட்-லாம்பர்ட்டி, தாம்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 2010இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2008இல் உலக மண் இப்படி வெளிவிட்ட கார்பன் சுமார் 9,800 கோடி டன். நிலக்கரியும் எண்ணெயும் எரித்து மனிதர்கள் வெளிவிடுவது ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன். மண் விடுவதை ஒளிச்சேர்க்கை ஏறக்குறைய முழுவதும் திரும்ப எடுத்துக்கொள்வதால்தான் காற்று தாங்குகிறது. எடுப்புக்கும் விடுப்புக்கும் இடையிலுள்ள சிறு வித்தியாசமே ஒரு காடு கார்பனைச் சேமிக்கிறதா, இழக்கிறதா என்பதைச் சொல்லும். மரத்தின் சுற்றளவை அளப்பது பாஸ்புக்கின் கடைசி வரியை மட்டும் பார்ப்பது போன்றது. வரவும் செலவும் தெரிய வேண்டுமென்றால் வாயுவை அளக்க வேண்டும்.

அளக்கும் பழைய முறைக்குக் கல்லூரி ஆய்வகப் பொருட்களே போதும். ஒரு குறிப்பிட்ட பரப்பிலிருக்கும் செடிகளை வெட்டிவிட்டு, சிறு கிண்ணத்தில் காஸ்டிக் சோடாக் கரைசலை அங்கே வைத்து, மேலே காற்றுப் புகாத பாத்திரத்தைக் கவிழ்த்து மண்ணில் அழுத்துகிறார்கள். மண்ணிலிருந்து வரும் கரியமில வாயுவை 24 மணி நேரமும் கரைசல் உறிஞ்சும். மறுநாள் பேரியம் குளோரைடு சேர்த்து, மீதமுள்ள காரத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் முறித்துப் பார்த்தால் கணக்கு வந்துவிடும். ஒரு நார்மல் செறிவுள்ள கரைசலில் ஒரு மில்லிலிட்டர் செலவாகியிருந்தால், 22 மில்லிகிராம் கரியமில வாயு சிக்கியிருக்கிறது. மூச்சு பலமாக இருக்கும் மண்ணில் இந்த முறை குறைத்துக் காட்டும். பலவீனமான இடத்தில் கூட்டிக் காட்டும்.

இன்றைய ஆய்வாளர்கள் பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை வளையமாக மண்ணில் பதிக்கிறார்கள். பதிக்கும்போது மண் கலைந்து வேர் அறுபடும். அது அடங்கும்வரை ஒரு நாளாவது காத்திருப்பார்கள். பிறகு வளையத்தின் மேல் மூடியைப் பொருத்தி, உள்ளே வாயு ஏறும் வேகத்தை அகச்சிவப்புக் கதிர்க் கருவியால் சில நிமிடங்களில் அறிகிறார்கள்.

வந்தது வேரின் மூச்சா, நுண்ணுயிரியின் மூச்சா? இதற்கு ஸ்வீடனில் பீட்டர் ஹோக்பெரி குழுவினர் பைன் மரங்களின் பட்டையை வளையமாக உரித்துப் பார்த்தார்கள். இலையில் தயாராகும் சர்க்கரை வேருக்குப் போகும் வழி அடைபட்டது. இரண்டே மாதத்துக்குள் மண்ணின் மூச்சு பாதியளவுக்குக் குறைந்ததாக 2001இல் அறிவித்தார்கள். மண்ணின் மூச்சில் பெரும்பகுதி பழைய மக்கிலிருந்து வருவதல்ல, மேலே இலை அண்மையில் சமைத்த உணவிலிருந்தே வருகிறது என்று அப்போது தெளிவானது.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இந்தக் கணக்கு சுவாரசியமாகிறது. 1988இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் முண்டந்துறையின் வறண்ட இலையுதிர் காட்டிலிருந்து, 1,200 மீட்டருக்கு மேலுள்ள கக்காச்சியின் பசுமைமாறாக் காடு வரை ஏறிவிடலாம். கக்காச்சியில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். பாளையங்கோட்டையில் ஆயிரத்தைத் தொடுவதே அபூர்வம். வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் சுவாசம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொது விதி. ஆனால் ஈரமில்லாவிட்டால் எந்த வெயிலும் நுண்ணுயிரியை எழுப்பாது. நீர் தேங்கினாலும் உயிர்வளி கிடைக்காமல் மூச்சு அடங்கும். காய்ந்து கிடந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் கரியமில வாயு குபீரென்று கிளம்புவதைக் கென்யாவில் பணியாற்றிய பர்ச் என்ற ஆய்வாளர் 1950களிலேயே விவரித்தார். ‘பர்ச் விளைவு’ என்று அவர் பெயராலேயே வழங்கும் அந்த எழுச்சி சில நாட்களில் தணிந்துவிடும். முண்டந்துறை போன்ற இடத்தில் மாதம் ஒருமுறை அளப்பவர் அதைத் தவறவிட்டுவிடுவார்.

முழுக் காட்டையும் ஒன்றாக அளக்கக் கோபுரம் வேண்டும். மரங்களுக்கு மேலே காற்று ஏறி இறங்கும் வேகத்தையும், அதிலுள்ள கரியமில வாயுவையும் விநாடிக்குப் பத்து முறை பதிவு செய்து, அரைமணிக்கு ஒரு நிகர அளவு காண்பார்கள். தமிழ்நாட்டில் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும், புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனமும் இந்த முறையில் அளந்திருக்கின்றன. பிச்சாவரம் சமதளம். பொதிகை மலைச்சரிவில் இரவில் குளிர்ந்த காற்று, மண் விட்ட வாயுவையும் சேர்த்துக்கொண்டு பள்ளத்தை நோக்கி வழிந்துவிடும். உச்சியிலுள்ள கருவிக்கு அது தெரியாது. மலைக்காட்டில் கோபுரத்தை மட்டும் நம்பினால், காடு இருப்பதைவிட அதிகமாகச் சேமிப்பதாகத் தோன்றும். அதனால் மண்ணில் பதித்த வளையங்களும் வேண்டியிருக்கின்றன.

இந்த அளவீட்டுக்கு ஒரு நடைமுறைத் தேவையும் உண்டு. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்களின் குத்தகை 2028இல் முடிகிறது. அங்கு உழைத்த குடும்பங்களின் வாழ்வாதாரம் தனியாகப் பேச வேண்டிய பெரிய விஷயம். நிலத்தைப் பொறுத்தவரை, அது காட்டுக்குத் திரும்பினால், தேயிலை நின்ற மண் காட்டு மண்ணாக மாறுகிறதா என்பதை மரக்கன்றுகளை எண்ணி மட்டும் அறிய முடியாது. பக்கத்திலேயே வெடிப்பலாவும் காட்டிலுப்பையும் நிற்கும் கக்காச்சிக் காடு ஒப்பிடுவதற்கு இருக்கிறது.

தொடக்க அளவு இப்போதே எடுக்கப்பட்டால்தான் பின்னால் ஒப்பிட முடியும். வனத்துறை அனுமதியோடு, மாவட்டத்துக் கல்லூரிகளின் தாவரவியல், வேதியியல் துறைகள் சேர்ந்து பருவத்துக்குப் பருவம் இதைச் செய்யலாம். ஒரு பியூரெட்டும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் இல்லாத கல்லூரி ஆய்வகம் திருநெல்வேலியில் இருக்காது.